கேப்டனை யாரும் முந்துவதில்லை

எத்மோன் திவோல் தன் கைக்கடிகாரத்தைக் கழற்றி ஒதீலிடம் கொடுத்தபோது காலை ஏழு ஆக இரண்டு நிமிஷம் இருந்தது. ஷாந்த்மெர்ல் ஊரின் சந்தைத் திடலில் இன்னும் பன்னிரண்டு பேர், ஒரு கால் தரையிலும் ஒரு கால் மிதியிலுமாக, சைக்கிளோடு காத்திருந்தார்கள். செப்டம்பரின் கடைசி ஞாயிறு. பேசினால் வாய்முன் லேசாகப் புகை எழுந்தது.

"குடுத்துட்டாரு," என்றான் லெயோன்ஸ். கறிக்கடை வைத்திருந்து ஓய்வுபெற்றவன். கூட்டத்திலேயே உடம்பும் வாயும் அவனுக்குத்தான் பெரியவை. "இனிமே சூரியன்கூட நம்ம கேப்டனைக் கேட்டுட்டுத்தான் நகரணும்."

"நீ பேச்சைக் கொஞ்சம் மிச்சம் பிடி. மேட்டுல மூச்சுக்கு வேணும்," என்றாள் ஒதீல். கடிகாரத்தைத் தன் கையில் கட்டிக்கொண்டாள்.

அவர்கள் ஓட்டுவது பந்தயம் இல்லை. இருநூறு கிலோமீட்டர்; எல்லாரும் சேர்ந்து கிளம்பி, சேர்ந்து வந்து நிற்க வேண்டும். சராசரி வேகம் மணிக்கு இருபத்திரண்டரை. முன்னால் போகிறவர் கேப்டன். மேடானாலும் இறக்கமானாலும் அவரை யாரும் முந்தக் கூடாது. முந்தினால், ஓட்டி முடித்ததற்காக அவரவருக்குக் கொடுக்கும் அட்டையில் முத்திரை விழாது. கேப்டன் கடிகாரம் கட்டக் கூடாது என்பது மட்டும் ஷாந்த்மெர்ல்காரர்கள் தாங்களாக வைத்துக்கொண்டது. முன்னால் இருப்பவன் மணி பார்த்தால் விரட்டுவான், அவன் விரட்டினால் பின்னால் இருப்பவன் செத்தான் என்று எந்தக் காலத்திலோ யாரோ சொல்லியிருக்கிறார்கள். அதனால் கடிகாரமும் ஊர்களின் பெயர் எழுதிய தாளும் துணைக் கேப்டனிடம் இருக்கும். ஒவ்வொரு ஊரைக் கடக்கும்போதும் எத்தனை நிமிஷம் முன்னே, எத்தனை நிமிஷம் பின்னே என்று துணைக் கேப்டன் சொல்ல வேண்டும். ஒதீல் பதினொரு வருஷமாகச் சொல்லி வருகிறாள். ஒரு நிமிஷம் கூட்டியோ குறைத்தோ சொன்னதில்லை.

வழியில் நிற்கும் நேரமெல்லாம் சேர்த்து, மாலை ஐந்து முப்பத்துமூன்றுக்கு இதே திடலில் இருக்க வேண்டும். அரை மணி நேரம் பொறுப்பார்கள். ஆறு மணி மூன்று நிமிஷத்தைத் தாண்டினால், வந்து சேர்ந்தவர்கள் வெறுமனே சைக்கிள் ஓட்டிவிட்டு வந்தவர்கள்தான்.

எத்மோன் கையை உயர்த்தினார். கிளம்பினார்கள்.

அவருக்கு வயது எழுபத்தொன்று. அப்பா பிறர் பண்ணையில் மாடு பார்த்தவர். எத்மோன் படித்தது குறைவு. முப்பத்திரண்டு வருஷம் பள்ளிக்கூடப் பேருந்து ஓட்டினார். ஒன்பது ஊர், பதினேழு நிறுத்தம். பேருந்து வரும் சத்தம் கேட்டுத்தான் தாய்மார்கள் பிள்ளையின் கோட்டுக்குப் பித்தான் போடுவார்கள். வாசலுக்கு வருவதற்கும் பேருந்து வந்து நிற்பதற்கும் சரியாக இருக்கும். பனி விழுந்த வருஷத்தில் ஒரு நாள் நான்கு நிமிஷம் தாமதமாகிவிட்டது. ஒவ்வொரு நிறுத்தத்திலும் இறங்கி நின்று மன்னிப்புக் கேட்டார். அதனால் இன்னும் ஒன்பது நிமிஷம் தாமதமானது என்று லெயோன்ஸ் இன்றைக்கும் சொல்லிச் சிரிப்பான்.

அவர் மனைவி இவெத்துக்கு இந்த நேர ஒழுங்கு பிடித்திருந்ததா, பழகிவிட்டதா என்று சொல்வது கடினம். பிள்ளைகள் இல்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் சைக்கிளில் போனார். அவள் துணி துவைத்தாள்.

அவர்களுடைய சைக்கிள் கழகத்தின் பாதைகளையெல்லாம் வரைந்தவர் எத்மோன்தான். பேருந்தில் போய்ப் போய் அந்த நிலத்தின் ஒவ்வொரு மடிப்பும் அவருக்குத் தெரியும். சேர்ந்தாற்போல் ஒரு கிலோமீட்டர் சமதரை கிடைக்காத நாடு அது. வேலிச்செடி, மேடு, வெள்ளை மாடுகள், இறக்கம், சின்னப் பாலம், மறுபடி வேலிச்செடி, மறுபடி மேடு. இப்படிப்பட்ட நிலத்தில் இருபத்திரண்டரை என்பதை ஒரே சீராக ஓட்ட முடியாது. மேட்டில் பதினான்குக்கு இறங்கி, இறக்கத்தில் முப்பதைத் தாண்டாமல் பிடித்து, நாள் முடிவில் கூட்டிப் பார்த்தால் கணக்கு நேராக வர வேண்டும். அதைக் கருவி பார்த்துச் செய்பவர்கள் உண்டு. எத்மோன் மூச்சைப் பார்த்துச் செய்தார். நான்கு மிதிக்கு ஒரு மூச்சு உள்ளே, நான்கு மிதிக்கு வெளியே. மேட்டில் மூன்று. நெஞ்சு எந்த அளவில் அடித்தால் எந்த வேகம் என்று அவருக்கு உள்ளே தெரிந்துவிடும். ஒருமுறை எல்லாருடைய வேகமானிகளையும் கைக்குட்டையால் மூடிக் கட்டி, முப்பது கிலோமீட்டர் போய்க் காட்டச் சொன்னார்கள். இருபது விநாடிதான் பிசகியது. அதற்கும் ஒரு டிராக்டர்தான் காரணம் என்றார்.

இந்த ஜூலையில் அந்த நெஞ்சு தாறுமாறாகத் துள்ளியது. தோட்டத்தில் அவரைக்கொடிக்குக் கம்பு நட்டுக்கொண்டிருந்தவர் அப்படியே உட்கார்ந்துவிட்டார். சின்ன வயது டாக்டரம்மா ஒரு மாத்திரை எழுதிக் கொடுத்தார். இதயம் ஒரு அளவுக்கு மேல் ஓடாமல் பிடித்து வைக்கும் மாத்திரை.

"சைக்கிள் ஓட்டலாமா?"

"ஓட்டுங்க. மெதுவா ஓட்டுங்க."

"எவ்வளவு மெதுவா?"

"மூச்சு வாங்காத அளவுக்கு."

நாற்பத்தோரு வருஷமாக அப்படித்தானே ஓட்டுகிறேன் என்று எத்மோன் நினைத்துக்கொண்டார். வேறெதுவும் கேட்கவில்லை. இவெத்தைத் தவிர யாரிடமும் சொல்லவும் இல்லை.

சொல்லியிருக்க வேண்டும். அதுவும் இந்த வருஷம். காரணம் ஒதீல். ஐம்பத்தெட்டு வயது, விதைக்கடையில் கணக்கெழுதும் வேலை. இந்த ஒரே பருவத்தில் முந்நூறு, நானூறு, அறுநூறு மூன்றையும் வெவ்வேறு ஊர்க் கழகங்களோடு ஓட்டி முடித்திருந்தாள். இருநூறு மட்டும் பாக்கி. அதையும் முடித்தால் தங்கக் கழுகு. சட்டையில் குத்திக்கொள்ளும் சின்ன வில்லை. அந்தப் பக்கத்துக் கழகங்களில் எந்தப் பெண்ணும் அதுவரை வாங்கியதில்லை. பருவத்தின் கடைசி ஓட்டம் இந்த ஞாயிறு. நவம்பரில் அவளுக்கு முழங்கால் அறுவை. அதற்குப் பிறகு நீண்ட தூரம் பற்றி டாக்டர் உறுதி சொல்லவில்லை. கழுகைப் பற்றி ஒதீல் வாய் திறந்ததே இல்லை. ஆனால் எல்லாருக்கும் தெரியும். அவளை ஆறு மணி மூன்று நிமிஷத்துக்குள் திடலில் கொண்டுவந்து நிறுத்த வேண்டும் என்பதுதான் அன்றைக்கு எத்மோனின் ஒரே வேலை.

முதல் ஊரில் ஒதீல் முதுகுக்குப் பின்னாலிருந்து சொன்னாள்: "ரெண்டு நிமிஷம் பின்னாடி, கேப்டன்."

அது வழக்கம்தான். குளிரில் கால் சூடாக நேரம் எடுக்கும். இரண்டாம் ஊரில் மூன்று. நிறுத்திக் காப்பி குடித்த இடத்தில் மூன்று. அடுத்த ஊரிலும் மூன்று. எத்மோனுக்கு நிம்மதியாக இருந்தது. நான்கு மிதிக்கு ஒரு மூச்சு சரியாக வந்துகொண்டிருந்தது. நெஞ்சு எப்போதும் போலவே அடிப்பதாகத்தான் தெரிந்தது. மாத்திரை போட்ட நெஞ்சுக்கு அதுதான் உச்சம், அதே மூச்சுக்கு முன்பு வந்த வேகம் இப்போது வருவதில்லை என்பது அவருக்குத் தெரிய வழியில்லை. சக்கரம் வேறு கணக்கில் சுற்றிக்கொண்டிருந்தது.

பின்னால் வந்தவர்களுக்குத் தெரிந்தது. ஆறேழு பேருடைய கைப்பிடியில் வேகம் காட்டும் சின்னத் திரை இருந்தது. இருபது புள்ளி ஆறு. இருபது புள்ளி நான்கு. ஒருவரும் பேசவில்லை. பத்து மணிக்கு மேல் லெயோன்ஸ்கூட ஒரு நக்கலும் அடிக்கவில்லை. அதை எத்மோன் கவனித்திருக்கலாம். கவனிக்கவில்லை.

வெர்ஸோல் என்ற ஊருக்குள் நுழையும்போது கோயில் மணி அடித்தது. மூன்று அடி, இடைவெளி, மூன்று அடி, இடைவெளி, மூன்று அடி. பிறகு நீளமாக, விடாமல். நண்பகல் மணி.

வெர்ஸோலை அவர் ஒவ்வொரு வருஷமும் பதினொன்று முப்பத்தைந்துக்குக் கடப்பார். அந்த ஊரின் நண்பகல் மணி, அடுத்த ஊரில் சாப்பாட்டு மேசை முன்னால் நாற்காலியை இழுக்கும்போதுதான், காற்று வாக்காக இருந்தால், அவருக்குக் கேட்கும்.

"எவ்வளவு, ஒதீல்?" திரும்பாமல் கேட்டார்.

மணி இன்னும் அடித்துக்கொண்டிருந்தது.

"நாலு."

"இந்த மணி?"

"இந்த ஊர் மணி எப்பவும் முந்திப் போகும், கேப்டன்."

முப்பத்திரண்டு வருஷம் அந்தக் கோயிலுக்கு எதிரில் பேருந்தை நிறுத்தியவர் எத்மோன். அந்த மணி முந்தாது. பிந்தாது. பதினொரு வருஷத்தில் முதல் தடவையாக ஒதீல் தப்பாகச் சொல்கிறாள். ஏன் என்று யோசிக்க அவருக்கு ஒரு தெருவின் நீளம்கூடத் தேவைப்படவில்லை. ஆகஸ்டில் ஒருநாள் அவர் மாத்திரையை வாயில் போட்டதை அவள் பார்த்தாள். அன்றைக்கு ஒன்றும் கேட்கவில்லை.

இப்போது அவர் செய்ய வேண்டியது ஒரு காரியம். இடது கையை நீட்டி, ஓரமாக ஒதுங்கி, "நீ முன்னாடி போ" என்று சொல்ல வேண்டும். கேப்டன் தன் பொறுப்பைத் துணைக் கேப்டனுக்கு விட்டுக்கொடுக்கலாம், விதியிலேயே இருக்கிறது. பின்னால் பஸ்தியான் கழகத்துக் காரில் வருகிறான். சைக்கிளைத் தூக்கி மேலே கட்டிவிட்டு முன் இருக்கையில் உட்கார்ந்தால் முடிந்தது.

"ஆமா," என்றார் எத்மோன். "முந்தித்தான் போகுது."

சாப்பாட்டு விடுதியின் வாசலில் தெனீஸ் இடுப்பில் கைவைத்து நின்றிருந்தாள். இருபது வருஷமாக இந்தக் கூட்டத்துக்குச் சமைப்பவள்.

"வாங்க மகராசங்களே. நடந்து வந்தீங்களா? உங்களுக்கு வச்ச கறி காஞ்சு செருப்பாயிடுச்சு. மணி என்ன ஆவுதுன்னு..."

லெயோன்ஸ் அவள் தோளைப் பிடித்து உள்ளே தள்ளிக்கொண்டு போனான். "செருப்புன்னா செருப்பு. கொண்டா. நான் வித்த கறியைவிட நல்லாத்தான் இருக்கும்."

"யோவ், கையை எடு. நான் என்ன சொல்ல வந்தேன்னா..."

"ஒண்ணும் சொல்லாத. கடுகுச் சாந்து எங்க இருக்கு சொல்லு."

எத்மோன் தலைக்கவசத்தைக் கழற்றும் சாக்கில் குனிந்து நின்றார். உள்ளே போனபோது எல்லாருடைய முகமும் தட்டைப் பார்த்திருந்தது. சுவரில் ஆணி மட்டும் இருந்தது. அதற்குக் கீழே சுவரில் ஒட்டிய காகிதம் வட்டமாக ஓரிடத்தில் மட்டும் வெளுக்காமல் இருந்தது. சுவர்க் கடிகாரத்தை யாரோ இறக்கி வைத்துவிட்டார்கள். அவருக்கு முன்னால் உள்ளே வந்தது ஒதீல்.

அவர் அந்த ஆணியைப் பார்த்தார். பிறகு எல்லாரையும் போலத் தட்டைப் பார்த்தார்.

வழக்கமாக ஒரு மணி நேரம் உட்காருவார்கள். அன்றைக்கு ஆளாளுக்கு அவசரமாகத் தின்றார்கள். பாலாடைக்கட்டியை வேண்டாம் என்றார்கள். காப்பியை நின்றுகொண்டே குடித்தார்கள். தெனீஸுக்குக் கோபம். "என் பழப்பணியாரத்தை நாய்க்கா போடுறது?" என்று கேட்டாள். பாதியைக் காகிதத்தில் சுற்றி முதுகுப் பைகளில் திணித்தார்கள். எத்மோன் மனதுக்குள் கணக்குப் போட்டார். பத்துப் பன்னிரண்டு நிமிஷத்துக்கு மேல் பின்னால் இருக்க முடியாது. ஒதீல் முன்னால் போனால் அதற்கு மேல் பின்தங்க விடமாட்டாள். ஐந்தே முக்காலுக்குத் திடல். கழுகு அவளுக்கு.

ஒரே ஒரு வார்த்தைதான். பஸ்தியான் காருக்குப் பக்கத்தில் சிகரெட் பிடித்துக்கொண்டு நின்றான். எத்மோன் அவனை நோக்கி நான்கைந்து அடி நடக்கவும் செய்தார்.

"என்ன கேப்டன்?"

"தண்ணி இருக்கா?"

"பின்னாடி ரெண்டு பெட்டி இருக்கு."

"சரி."

திரும்பி வந்து சைக்கிளில் ஏறினார். ஏன் என்று அவரிடம் யார் கேட்டிருந்தாலும் சாயங்காலப் பாதை இறக்கம் அதிகம், பிடித்துவிடலாம் என்று சொல்லியிருப்பார். அது பொய்யும் இல்லை. ஆனால் அது மட்டும் காரணமும் இல்லை. அந்தக் காரில் காலில் வலி வந்தவர்கள், வாந்தி எடுத்தவர்கள், முதல் தடவை வந்து அழுதவர்கள் எல்லாரும் உட்கார்ந்து போயிருக்கிறார்கள். கார் கண்ணாடி வழியாக, தன் முதுகு இல்லாமல் அந்தக் கூட்டம் எப்படி இருக்கும் என்று பார்க்க அவரால் முடியவில்லை. அவ்வளவுதான். எழுபத்தோரு வயது மனிதனுக்கு இது சின்னக் காரணமா, பெரிய காரணமா என்று சொல்லத் தெரியவில்லை.

மதியத்துக்குப் பிறகு கால் கனத்தது. இறக்கங்களில் மிதிக்காமலேயே போய்க் கொஞ்சம் மீட்டார். மேடுகளில் அதற்கு இரண்டு மடங்கு போயிற்று. மேடுகளில் மாடுகள் வேலிக்கு மேலாகத் தலையை நீட்டி நிதானமாகப் பார்த்தன. "ஆறு," என்றாள் ஒதீல். "ஆறு." "ஏழு." ஒவ்வொரு ஊரிலும் அவள் குரல் கொஞ்சம் கொஞ்சமாகக் கம்மியது. அவர் ஒவ்வொரு தடவையும் "சரி" என்றார்.

ஊருக்கு எட்டு கிலோமீட்டருக்கு முன்னால் புரோஸ் மேடு. நீளம் குறைவு, செங்குத்து. பாதி மேட்டில் கண்ணுக்கு முன்னால் தார் வெள்ளையாகியது. எத்மோன் இறங்கினார். நாற்பத்தோரு வருஷத்தில் முதல் தடவையாகச் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நடந்தார்.

பின்னால் டக், டக், டக் என்று சத்தம். சைக்கிள் காலணிகளின் அடியில் மிதியோடு பூட்டும் கட்டை தரையில் படும் சத்தம். திரும்பிப் பார்த்தார். பதின்மூன்று பேரும் இறங்கிவிட்டார்கள். இருவர் இருவராக, வரிசை குலையாமல், சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடந்து வந்தார்கள். லெயோன்ஸுக்கு முகமெல்லாம் வியர்வை. ஏறி மிதித்தால் இரண்டே நிமிஷத்தில் மேலே போய்விடக்கூடிய சின்ன வயதுக்காரர்கள் இருவரும் தலையைக் குனிந்து நடந்தார்கள். சாவு ஊர்வலம் மாதிரி இருந்தது.

மேலே வந்ததும் எத்மோன் சாலையோரப் புல்லில் உட்கார்ந்தார்.

"மணி என்ன, ஒதீல்?"

"ஏழு நிமிஷம் பின்..."

"நிமிஷம் கேக்கல. மணி கேட்டேன்."

அவள் கையைப் பார்த்தாள். "அஞ்சு நாப்பது."

இன்னும் இருபத்துமூன்று நிமிஷம். எட்டு கிலோமீட்டர். அவர்கள் இப்போதே கிளம்பினால் ஆறு மணிக்கும் ஆறு மூன்றுக்கும் நடுவே போய்ச் சேர்ந்துவிடலாம்.

"நீ கூட்டிட்டுப் போ," என்றார். "நான் கார்ல வரேன்."

யாரும் நகரவில்லை.

"காது கேக்கலையா? ஏறுங்க. போங்க."

"மூச்சு வாங்கிக்க, எத்மோன்," என்றான் லெயோன்ஸ். பேரைச் சொல்லிக் கூப்பிட்டான். சைக்கிளில் இருக்கும்போது அவன் அப்படிக் கூப்பிடுவதில்லை. "நாங்களும்தான் களைச்சுட்டோம். எனக்குக் காலெல்லாம் புளிச்ச மாவா இருக்கு."

"நேரம் போகுது."

"போகட்டும். நேத்தும்தான் போச்சு."

"ஒதீல், இது உத்தரவு. உனக்கு அந்தக் கழுகு..."

"எனக்குக் கழுகு வேணும்னு உங்கிட்ட யாரு சொன்னது?" என்றாள் ஒதீல். அவருக்கு முன்னால் முழங்காலை மடக்கி மெதுவாகக் குந்தினாள்; அந்த முழங்கால் வலிப்பது முகத்தில் தெரிந்தது. "சட்டையில ஒரு தகரம். அதுக்காக உன்னைப் புல்லுல விட்டுட்டுப் போகவா? தண்ணி குடி. நீ முன்னாடி போ, நாங்க பின்னாடி வரோம். எப்பவும் மாதிரி."

அவர் கத்தினார். இதுவரை யாரும் அவர் கத்திக் கேட்டதில்லை. உங்கள் இரக்கம் எனக்கு வேண்டாம் என்றார். போங்கள் என்று ஒருவனுடைய சைக்கிளைப் பிடித்துத் தள்ளினார். அவன் விழப்போய்ச் சமாளித்து, மறுபடி அதே இடத்தில் வந்து நின்றான். கேப்டன் கொடுத்த உத்தரவுகளில் அவர்கள் மீறியது அந்த ஒன்றைத்தான். அதை மீறியதில் அவர்களுக்குப் பெருமையாகவும் இருந்தது என்று தோன்றுகிறது. சின்ன வயதுக்காரர்களில் ஒருவன் கண்ணைத் துடைத்துக்கொண்டான். கேப்டனுக்கு இப்போதுதான் எல்லாம் தெரிந்தது என்று அவர்கள் நினைத்தார்கள். நண்பகலிலேயே தெரியும் என்பது அவர் ஒருவருக்கு மட்டும் தெரியும். அவர்கள் அவர்மீது பொழிந்த அன்பு ஒவ்வொன்றும் அந்த இடத்தில்தான் போய்க் குத்தியது.

எத்மோன் எழுந்து ஏறியபோது, இனி நேரத்துக்குப் போய்ச் சேர முடியாது என்றாகியிருந்தது. திடலுக்கு வந்தபோது ஆறு மணி பதினொரு நிமிஷம்.

பஸ்தியான்தான் கழகத்தின் செயலாளர். மடக்கு மேசைக்குப் பின்னால் உட்கார்ந்து தாளை எடுத்தான். முத்திரைக் கட்டையைப் பெட்டிக்குள்ளேயே வைத்து மூடினான். தாளில் ஒரு இடம் உண்டு: குழு தாமதமானால் காரணம்.

"என்ன எழுத?"

"காத்து," என்றான் லெயோன்ஸ்.

"ஆமா, எதிர்காத்து," என்றார் இன்னொருவர். "வெர்ஸோல் பக்கம் நிக்கவே முடியல."

"பயங்கரக் காத்து."

பஸ்தியான் காரில் பின்னாலேயே வந்தவன். அடுத்த தெருவில் ஒரு புகைக்கூண்டிலிருந்து புகை, நூல் பிடித்ததுபோல நேராக மேலே போய்க்கொண்டிருந்தது. அவன் அதைப் பார்த்தான். எத்மோனைப் பார்த்தான்.

"கேப்டன், காத்துன்னு எழுதட்டுமா?"

நான்கு நிமிஷத் தாமதத்துக்காகப் பதினேழு நிறுத்தத்திலும் இறங்கி மன்னிப்புக் கேட்ட மனிதர் அந்தப் பதின்மூன்று முகங்களையும் பார்த்தார். ஒதீல் தன் வெறும் அட்டையை மடித்து, முதுகுப் பையில் பழப்பணியாரத்துக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டிருந்தாள்.

"எழுது," என்றார்.

வீட்டில் இவெத் சூப்பைச் சூடாக்கினாள். "ஏன் இவ்வளவு நேரம்?"

"காத்து."

அவள் கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டு ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள். காலையில் காயப்போட்ட போர்வைகள் கொடியில் இருந்தன. நாள் முழுக்க ஒருமுறைகூட அசையாமல், போட்ட மடிப்புக் கலையாமல், இன்னும் ஈரமாகத் தொங்கின.

"அப்படியா," என்றாள். அவர் தட்டில் சூப்பை ஊற்றினாள். ரொட்டியை அவர் பக்கம் நகர்த்தினாள். வேறொன்றும் கேட்கவில்லை.

அந்த மேசையில்தான் எத்மோனுக்கு இது தாங்கவில்லை. திட்டியிருந்தால் தாங்கியிருப்பார்.

மறுநாள் மதியம், விதைக்கடை மூடும் நேரம் பார்த்து, ஒதீலின் வீட்டுக்கு நடந்து போனார். அவள் சமையலறை மேசையில் வால்நட் உடைத்துக்கொண்டிருந்தாள். கால் எதிர் நாற்காலியில் நீட்டியிருந்தது. முழங்காலில் ஈரத் துணி.

"உக்காரு," என்றாள். "எப்படி இருக்கு நெஞ்சு? இவெத் டாக்டருக்குப் போன் பண்ணாளா?"

"பண்ணா. வியாழக்கிழமை வரச் சொல்லியிருக்காங்க."

"நல்லது. உன் கழுத்தைப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போகச் சொல்லணும் அவகிட்ட." சிரித்தாள். முகம் தெளிவாக இருந்தது. இழந்தவளின் முகம் இல்லை. யாருக்கோ எதையோ கொடுத்துவிட்டு வந்தவளின் முகம். "நேத்து நான் சொன்னதெல்லாம் பொய்தான். காலையில இருந்தே. கோபமா?"

"இல்ல."

"கோபப்படுவேன்னு நினைச்சேன். உன் உதடு முதல் மேட்டுலயே நீலமாயிடுச்சு. நிறுத்துன்னு சொன்னா நீ கார்ல ஏற மாட்ட, இன்னும் விரட்டுவ. அங்கயே விழுந்திருப்ப. அதான். சரியோ தப்போ. உனக்குத் தெரியாம உன்னை வீட்டுல சேத்துடலாம்னு பாத்தேன். அந்த மேடு கெடுத்துடுச்சு."

எத்மோன் மேசைமேல் இருந்த ஓட்டுத் துண்டுகளை விரலால் ஒன்று சேர்த்தார். இப்படியே எழுந்து போய்விடலாம். அவள் அப்படியே இருப்பாள்.

"வெர்ஸோல்ல மணி அடிச்சது எனக்குக் கேட்டுது, ஒதீல்."

"கேட்டிருக்கும். அதான் முந்திப் போகுதுன்னு..."

"அந்த மணி முந்தாது. எனக்கு அப்பவே தெரியும். சாப்பிட்ட இடத்துல ஆணியையும் பாத்தேன். பன்னெண்டு நிமிஷம்தான் பின்னாடி இருந்தோம். உங்கிட்ட குடுத்திருந்தா நீ வந்து சேந்திருப்ப. தெரிஞ்சுதான் ஏறினேன்."

ஒதீலின் கையில் வால்நட் உடைக்கும் இடுக்கி அப்படியே நின்றது. பிறகு அதில் மாட்டியிருந்த கொட்டையை உடைத்தாள். பருப்பை எடுக்கவில்லை. ஓட்டோடு தள்ளி வைத்தாள்.

"கார்ல உக்கார முடியல," என்றார் அவர்.

அவள் தலையாட்டினாள். புரிந்துகொண்டதற்கா, போதும் என்பதற்கா என்று அவருக்குத் தெரியவில்லை. நீட்டியிருந்த காலை இரண்டு கையாலும் தூக்கிக் கீழே வைத்தாள். ஈரத் துணி தரையில் விழுந்தது. எடுத்துக் கொடுக்கக் குனிந்தார்.

"விடு," என்றாள். அவளே எடுத்துப் பிழிந்தாள்.

"இதை நீ சொல்லாம இருந்திருக்கலாம், எத்மோன்."

"பொய்யா இருக்க முடியல."

"அது உனக்கு." குரல் உயரவில்லை. "நேத்து ராத்திரி நான் நல்லாத் தூங்கினேன். நான் குடுத்துட்டு வந்தேன்னு நினைச்சுத் தூங்கினேன். இப்ப நீ எடுத்துக்கிட்டன்னு ஆயிடுச்சு."

எத்மோன் உட்கார்ந்தே இருந்தார். அந்த ஊரில் வீட்டுக்கு வந்தவரைக் காப்பி கொடுக்காமல் அனுப்புவதில்லை. சண்டைக்கு வந்தவருக்கும் ஒரு கோப்பை உண்டு. அடுப்பின் மேல் காப்பிக் கெட்டில் இருந்தது, மூடி திறந்து, தூள் போட்டு, தண்ணீர் ஊற்றித் தயாராக. அடுப்பைப் பற்றவைக்காமல் ஒதீல் அடுத்த வால்நட்டை எடுத்தாள். அதற்கடுத்ததையும் எடுத்தாள். கிண்ணத்தில் இருந்ததெல்லாம் தீரும்வரை அவர் காத்திருந்தார். பிறகு தொப்பியை எடுத்துக்கொண்டு எழுந்தார்.